வெற்றிடம் செய்யும் வேலை: நவீனத்துவக் கவிதையில் அச்சமைப்பும் படிமமும்

நவீனத்துவக் கவிஞர்கள் சொற்களைத் தாளெங்கும் சிதறவிடுகிறார்கள், எழுத்துகளை உடைக்கிறார்கள், விளக்கம் ஏதுமின்றி ஒரு படிமத்தின், அதாவது சொல்லால் மனத்தில் எழும் காட்சியின், அருகில் இன்னொன்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இவையெல்லாம் உண்மையிலேயே பொருளை உண்டாக்குகின்றனவா, அல்லது கண்ணைக் கவரும் உத்திகள்தானா என்பது கேள்வி. நல்ல கவிதைகளில் பொருள் அங்கேதான் உண்டாகிறது என்பது என் பதில். ஆனால் அச்சமைப்பு ஒரு சோதனை, படிமம் வேறொரு சோதனை என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இது விளங்காது. நவீனத்துவக் கவிதை இரண்டு பழைய துணைகளைக் கைவிட்டது. செய்யுளைத் தாங்கிய யாப்பு ஒன்று. உவமையை இணைத்த ‘போல’ என்ற உருபு மற்றொன்று. அவை செய்துவந்த வேலைகளை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். எங்கே நிற்பது, எதை எதோடு சேர்ப்பது என்று வாசகருக்குச் சொல்லும் அந்தப் பொறுப்பைத் தாளின் வெற்றிடம் ஏற்றுக்கொண்டது.

யாப்பு எவ்வளவு பெரிய வேலையைச் செய்துவந்தது என்பதை உணர்வதற்கு நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்க்கலாம். அவற்றில் செய்யுள்கள் அடி பிரிக்கப்படாமல் உரைநடை போலத் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. இருந்தும் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வெண்பா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வராது. எதுகையும் தளையும் ஈற்றடியின் குறுக்கமும் அடியின் எல்லையைக் காதுக்குச் சொல்லிவிடும். அங்கே ஓலை வெறும் ஏந்தி. கவிதையின் வடிவம் ஓசையில் இருந்தது. 1880களில் பிரெஞ்சுக் கவிஞர்கள் சிலர் பன்னிரண்டு அசை கொண்ட தங்கள் மரபான அடியை விட்டுக் கட்டற்ற கவிதைக்கு வந்தபோது அந்தக் காவல் போய்விட்டது. ஓர் அடியை அடி என்று காட்டுவதற்குத் தாளில் அது முறியும் இடத்தைத் தவிர வேறு சான்று இல்லாமல் போயிற்று. கவிஞர்கள் பக்கத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கியதற்கு அச்சு இயந்திரமும் விளம்பரச் சுவரொட்டியும் செய்தித்தாளும் காரணங்கள்தான் என்றாலும், முதற்காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இந்தப் பார்வையை முதலில் கடைசிவரை கொண்டுபோனவர் பிரெஞ்சுக் கவிஞர் ஸ்தெஃபான் மல்லார்மே. ‘பகடை வீச்சு ஒருபோதும் தற்செயலை ஒழித்துவிடாது’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவருடைய நெடுங்கவிதை, 1897 மே மாதம் ‘கோஸ்மோபோலிஸ்’ என்ற இதழில் வெளிவந்தது. தனிப் பக்கங்களில் அடக்கி அச்சிடப்பட்ட அந்த வடிவம் அவர் விரும்பியது அன்று. நூலைத் திறந்து வைத்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களையும் ஒரே பரப்பாகக் கொண்டு, நடு மடிப்பைத் தாண்டி அடிகள் ஓட வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கான மெய்ப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் 1898 செப்டம்பரில் இறந்துபோனார். நூல் வடிவம் 1914இல்தான் வந்தது.

தலைப்பாக உள்ள அதே வாக்கியம்தான் கவிதையின் முதுகெலும்பு. அதன் சொற்கள் மிகப் பெரிய எழுத்தில், பல பக்க இடைவெளியில் பிரிந்து கிடக்கின்றன. முதல் விரிப்பில் ‘ஒரு பகடை வீச்சு’ என்பது மட்டும் தனியே நிற்கிறது, மற்றதெல்லாம் வெள்ளை. பக்கத்தைப் புரட்டினால் ‘ஒருபோதும்’ என்ற சொல் வருகிறது. அதன் பிறகு சிறிய எழுத்துகளிலும் சாய்வெழுத்துகளிலும் துணை வாக்கியங்கள் பெருகுகின்றன: கவிழும் கப்பல், பகடையை இறுகப் பற்றிய கையுடன் தயங்கி நிற்கும் கப்பல் தலைவன், நீரின் மேல் சுழலும் ஓர் இறகு. ‘ஒழித்துவிடாது’ என்ற வினை பல பக்கங்களுக்குப் பிறகே வருகிறது. ‘தற்செயலை’ என்ற செயப்படுபொருள் இன்னும் தள்ளி வருகிறது. ஆக, பகடை எறியப்படாமல் கையில் இருக்கும் அதே நேரத்தில் வாக்கியமும் முடிவுறாமல் கையில் இருக்கிறது. எறியலாமா கூடாதா என்று தலைவன் தவிக்கும் நேரத்தை, வினை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே பக்கம் புரட்டும் நேரமாக வாசகர் அனுபவிக்கிறார். ‘அவன் நெடுநேரம் தயங்கினான்’ என்று எழுதினால் தயக்கத்தைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைக்கும். இங்கே கிடைப்பது தயக்கமே. கவிதையின் இறுதியில் வடமீன்குழு ஒன்று வானில் எழும்போது, வெள்ளைத் தாளில் தூவப்பட்ட கருஞ்சொற்கள், இருண்ட வானில் தூவப்பட்ட ஒளிப்புள்ளிகளின் தலைகீழ் வடிவமாக மாறுகின்றன.

இந்தக் கவிதைக்கு எழுதிய முன்னுரையில், வெற்றிடங்களே முக்கியத்துவம் பெறுகின்றன, முதலில் கண்ணில் படுவதும் அவைதாம் என்று மல்லார்மே சொல்கிறார். அத்துடன், வழக்கமான சிறு கவிதையும் தாளின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்புகிறது, சுற்றியுள்ள மௌனம் எப்போதும் இருந்ததுதான், தான் அதன் அளவை மீறவில்லை, அதைக் கலைத்துப் போட்டிருக்கிறேன் என்ற பொருளிலும் எழுதுகிறார். சத்தமாகப் படிக்க விரும்புபவருக்கு இந்தப் பக்கங்கள் ஓர் இசைக்குறிப்பாகப் பயன்படும் என்பதும் அவர் கருத்து. எழுத்தின் பருமன் குரலின் அழுத்தம். பக்கத்தில் மேலே கீழே உள்ள நிலை குரலின் ஏற்ற இறக்கம். கண்ணுக்கான கவிதை காதைப் புறக்கணிக்கிறது என்ற குற்றச்சாட்டு இன்றும் எழுகிறது. அதைச் சொல்பவர்கள் இந்த முன்னுரையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி ‘போல’ என்ற உருபு போன கதை. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1913 ஏப்ரலில் சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழில் வெளியிட்ட இரண்டடிக் கவிதையை விடச் சிறந்த சான்று இதற்கு இல்லை. பாரிஸ் சுரங்க ரயிலின் கொன்கோர்டு நிலையத்தில் இறங்கியபோது அடுத்தடுத்து அழகிய முகங்கள் தோன்றியதைக் கண்டு முதலில் முப்பது அடிகள் எழுதியதாகவும், அதைக் கிழித்துவிட்டு ஆறு மாதம் கழித்து அதில் பாதியளவு எழுதியதாகவும், ஓராண்டுக்குப் பிறகு ஜப்பானிய ஹொக்கு (ஹைக்கூ) போன்ற இந்த வாக்கியத்திற்கு வந்து சேர்ந்ததாகவும் 1914இல் எழுதிய கட்டுரையில் அவரே விவரிக்கிறார். ‘மெட்ரோ நிலையம் ஒன்றில்’ என்பது தலைப்பு. கவிதை முதல் அச்சில் ஏறத்தாழ இப்படி இருந்தது:

இத்தோற்றம்      இம்முகங்களின்      கூட்டத்தினிடையே  :
இதழ்கள்      ஈரமான, கரிய      கிளையில்  .

ஆங்கிலத்தில் பதினான்கே சொற்கள். வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. ‘தோற்றம்’ என்று நான் பெயர்த்த சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஆவியுரு என்ற பொருளும் உண்டு. சுரங்கத்திலிருந்து மேலேறி வரும் முகங்களுக்குக் கீழுலகத்திலிருந்து மீள்வோரின் சாயலை அந்த ஒரு சொல் தந்துவிடுகிறது. தமிழில் அதை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நம் இலக்கண மரபு இங்கே பெரிதும் கைகொடுக்கும். ‘மலர்முகம்’ என்றால் உவமைத்தொகை. மலர் போன்ற முகம் என்று விரியும். ‘முகமலர்’ என்றால் உருவகம், முகமே மலராகிவிடும். பவுண்டின் வரிசை முகம் முதலில், இதழ் பின்னர் என்பதால் உருவகத்தின் வரிசை. ஆனால் முகமலர் என்று அவை ஒட்டிக்கொள்ள அவர் விடவில்லை. முதலடியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி, அதற்கும் முன்னால் ஓர் இடைவெளி, பிறகு அடிமுறிவு. அந்தச் சிறு பள்ளத்தைத் தாண்டுவது வாசகரின் வேலையாகிறது. ‘போல’ இருந்திருந்தால் கவிஞர் நமக்காகத் தாண்டியிருப்பார்; உருவகமாக ஒட்டியிருந்தால் தாண்டப் பள்ளமே இருந்திருக்காது. ஒரு கணநேரத்தில் அறிவும் உணர்ச்சியும் சேர்ந்த ஒரு கூட்டைத் தருவதே படிமம் என்று 1913 மார்ச் மாதம் பவுண்ட் வரையறுத்திருந்தார். அந்தக் கணம் முகத்திலும் இல்லை, இதழிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே அச்சுக்கோப்பாளர் விட்ட இடத்தில் இருக்கிறது.

அடிகளுக்குள்ளே இருக்கும் அகன்ற இடைவெளிகளும் தற்செயலானவை அல்ல. ஓசை அலகுகளுக்கு நடுவே தாம் குறித்த இடைவெளிகள் அப்படியே காக்கப்பட வேண்டும் என்று இதழாசிரியர் ஹாரியட் மன்ரோவுக்குப் பவுண்ட் கடிதம் எழுதினார். பின்வந்த பதிப்புகளில் அவை மூடப்பட்டன. முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியாக மாறியது. இந்த மாற்றம் சிறிதாகத் தெரியலாம். முக்காற்புள்ளி ‘இதோ’ என்று அடுத்ததைச் சுட்டுகிறது; அரைப்புள்ளி இரண்டையும் சமமாக அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு அரைப்புள்ளியே உயர்ந்ததாகப் படுகிறது, ஏனெனில் அது வாசகரை இன்னும் கூடுதலாக நம்புகிறது. ஆனால் இடைவெளிகள் போனது இழப்புதான். அவை இருந்தபோது முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இப்போது ஒரே காட்சியாகத் தெரிகின்றன.

சீன எழுத்துகளைப் பற்றிய அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் ஃபெனொலோசாவின் கையெழுத்துப் படிகளைப் படித்துத்தான் பவுண்ட் இந்தக் கவிதைக்கு வந்தார் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அந்தப் படிகள் 1913இன் இறுதியில்தான் அவர் கைக்கு வந்தன. கவிதை அதற்கு முன்பே அச்சேறிவிட்டது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஓவியமே என்று அவர்கள் இருவரும் நம்பியதும் மொழியியல் நோக்கில் சரியன்று. பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒலியைக் குறிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. எனினும் அந்தத் தவறான நம்பிக்கையிலிருந்து, பொருள்களை இணைப்புச்சொல் இன்றி அடுத்தடுத்து வைக்கும் முறை பவுண்டின் பிற்கால நெடுங்கவிதை வரை வளர்ந்தது.

அடிமுறிவு மட்டுமே போதும் என்று காட்டியவர் நியூ ஜெர்சியில் மருத்துவராக வாழ்ந்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். 1923இல் வந்த அவரது சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதையில் பதினாறு சொற்கள், நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் முதலடியில் மூன்று சொல், இரண்டாம் அடியில் ஒரே சொல். தள்ளுவண்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் இரண்டாக முறிக்கிறார். அடியின் முடிவில் ‘சக்கரம்’ மட்டும் தெரிகிறது. அடுத்த அடியில்தான் அது வண்டி ஆகிறது. மழைநீருக்கும் இதுவே நடக்கிறது: முதலில் மழை, பிறகுதான் நீர். பழகிப்போன ஒரு கூட்டுச்சொல்லை மீண்டும் அதன் பாகங்களாகப் பார்க்கவைக்கும் இந்த முறிவு, பழகிப்போன ஒரு பொருளை முதன்முறை பார்ப்பது போலப் பார்க்கவைக்கிறது. இதில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. வண்டி வண்டியாகவே இருக்கிறது.

பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேர் எதிர்த்திசையில் போனார். சொற்களாலேயே உருவம் வரைந்தார். 1918இல் வந்த அவரது ‘கலிகிராம்’ தொகுதியில் மழையைப் பற்றிய ஒரு கவிதை இருக்கிறது. ஐந்து நீண்ட வரிகள், எழுத்துக்குக் கீழ் எழுத்தாக, காற்றில் சாய்ந்த மழைக்கம்பிகள் போலத் தாளின் மேலிருந்து கீழே இறங்குகின்றன. ‘பெண்களின் குரல்கள் மழையாகப் பொழிகின்றன, நினைவிலும் இறந்துவிட்டவை போல’ என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. பார்த்தவுடன் மழை என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் படிப்பது கடினம். ஒவ்வோர் எழுத்தாகக் கீழிறங்கிச் சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கிறது. தொலைந்துபோன குரல்களை நினைவுகூர்வதும் அப்படித்தானே? மொத்த உருவம் உடனே வந்துவிடும். சொன்ன சொல் ஒவ்வொன்றாகத்தான் வரும், சில வராமலே போகும். உருவம் பொருளைப் படமாகக் காட்டுவதற்கு மேலாக, வாசிப்பின் வேகத்தைக் குறைத்து, நினைவின் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. இதே தொகுதியில் உள்ள புறாவும் நீரூற்றுமான கவிதையில், ஊற்றின் வளைந்த நீர்க்கோடுகளில் பிராக், மாக்ஸ் ஜகோப், தெரேன் முதலிய நண்பர்களின் பெயர்கள் வருகின்றன. முதல் உலகப் போர் அவர்களைச் சிதறடித்திருந்த நேரம் அது. ஊற்றின் நீர் நடுவிலிருந்து இருபுறமும் பிரிந்து விழுவது போலவே பெயர்களும் பிரிந்து விழுகின்றன. கீழே தொட்டி ஒரு கண்ணின் வடிவில் இருக்கிறது.

இதைப் பார்த்ததும் தமிழ் வாசகர் பலருக்கும் நம் சித்திரகவி நினைவுக்கு வரும். தேர் வடிவில் அமையும் இரதபந்தமும் பாம்புகள் பின்னிக்கிடக்கும் நாகபந்தமும் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சித்திரகவியைச் சொல்லணியின் பகுதியாகப் பேசுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாகபந்தத்தில் பாம்புகளின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வழிக்கும் பொருந்த வேண்டும். அங்குதான் புலவரின் திறம் தெரியும். எனினும் அந்தச் செய்யுளை வெளியே எடுத்து நான்கடியாக எழுதினால் அது முழுச் செய்யுளாகவே நிற்கும். அதன் யாப்பு கெடாது, பொருள் குறையாது. அப்போலினேரின் மழையை நேர்வரியில் எழுதினால் மென்மையான சில வாக்கியங்கள் மிஞ்சும், கவிதை மிஞ்சாது. சித்திரகவியைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் நோக்கம் வேறு, அந்த நோக்கத்தில் அது வியக்கத்தக்கது. ஒரு சோதனைக் கவிதையை எடைபோட நான் கையாளும் வழியும் இதுவே: நேர்வரியில் எழுதிப் பார்ப்பேன். எதுவும் குறையவில்லை என்றால் அச்சமைப்பு அலங்காரம்.

அந்த வழியில் பார்க்கும்போது இத்தாலிய எதிர்காலவாதி மரினெட்டியின் பக்கங்களில் பெரும்பகுதி எனக்குத் தேறவில்லை. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு நிற மையும் தேவைப்பட்டால் இருபது வகை எழுத்துருக்களும் பயன்படுத்த வேண்டும், விரைந்த உணர்வுகளுக்குச் சாய்வெழுத்து, வன்மையான ஒலிக்குறிப்புகளுக்குத் தடித்த எழுத்து என்று 1913 அறிக்கையில் அவர் விதி வகுத்தார். அட்ரியானோபிள் முற்றுகையைப் பற்றிய அவரது 1914ஆம் ஆண்டு நூலில் பீரங்கி முழக்கம் பெரிய எழுத்தில் வெடிக்கிறது. பிற்கால விளம்பரக் கலைக்கும் நூல் வடிவமைப்புக்கும் அது தந்த துணிவு பெரியது. ஆனால் உரத்த ஒலிக்குப் பெரிய எழுத்து என்பது ஏற்கெனவே தெரிந்த பொருளை உரக்கச் சொல்வதுதான். முழக்கத்தின் நடுவில் நிற்கும் மனிதனுக்கு என்ன ஆகிறது என்பது அங்கே இல்லை. போரைக் கொண்டாடிய ஒருவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இவர்கள் எல்லோரையும் விட அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் அமெரிக்கரான ஈ. ஈ. கம்மிங்ஸ். 1935இல் அவர் வெளியிட்ட தொகுதி ஒன்றில், அதை ஏற்க மறுத்த பதினான்கு பதிப்பகங்களின் பெயர்களை ஈமத்தாழி வடிவில் அடுக்கி நன்றி கூறினார் என்ற செய்தி பரவலாகப் பேசப்படும் அளவுக்கு அவர் கவிதைகள் நிதானமாகப் படிக்கப்படுவதில்லை. எஸ். ஏ. ஜேக்கப்ஸ் என்ற அச்சுக்கோப்புக் கலைஞரோடு பல்லாண்டுகள் இணைந்து, ஒரு காற்புள்ளியின் இடம்கூடப் பிசகாமல் பார்த்துக்கொண்டவர் அவர். தட்டச்சுப்பொறியில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம். அதனால் வெற்றிடத்தையும் எண்ணி அளக்க முடியும். கம்மிங்ஸின் பக்கம் அந்த அளவுகோலில் பிறந்தது.

1958இல் வந்த அவரது தொகுதியின் முதற்கவிதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் உள்ளவை, ‘தனிமை’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும், ‘ஓர் இலை விழுகிறது’ என்ற மூன்று சொல் வாக்கியமும் மட்டுமே. தனிமையின் முதலெழுத்துக்குப் பின் ஓர் அடைப்புக்குறி திறக்கிறது. இலை விழும் வாக்கியம் முழுவதும் அதற்குள் இறங்குகிறது. அடைப்புக்குறி மூடியபின் தனிமையின் மிச்சம் தொடர்கிறது. எண்ணிப் பார்த்தால் தனிமைக்குப் பத்து எழுத்துகள், விழும் இலைக்கும் பத்து எழுத்துகள். இரண்டும் சமம், ஒன்று மற்றொன்றின் வயிற்றில் இருக்கிறது. ஒன்பது அடிகள், பெரும்பாலும் ஓரடிக்கு ஒன்று முதல் மூன்றெழுத்துதான். பக்கத்தில் தெரிவது இலை விழும் பாதையான ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. நடுவில் ஓரடியில் ‘ஏ, எஃப்’ என்ற எழுத்துகளும் அதற்கு அடுத்த அடியில் ‘எஃப், ஏ’ என்று அவை இடம் மாறியும் வருகின்றன. விழும் இலை காற்றில் ஒருமுறை புரள்வதை அங்கே காணலாம். ‘எல்’ என்ற எழுத்தின் சிறிய வடிவம் அந்தக் காலத் தட்டச்சுப்பொறிகளில் 1 என்ற எண்ணிலிருந்து வேறுபடாது. அந்த எழுத்து ஒரே அடியாகத் தனித்து நிற்கும் இடத்துக்கு முந்தைய அடியில், தனிமை என்ற சொல்லின் உள்ளேயிருந்து ‘ஒன்று’ என்ற முழுச்சொல்லே வெளிப்படுகிறது. அந்தச் சொல்லுக்குள் அது எப்போதும் இருந்ததுதான். முறித்த பிறகே நம் கண்ணுக்குத் தெரிகிறது.

பவுண்ட் இரண்டு படிமங்களை அருகருகே வைத்தார். கம்மிங்ஸ் ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்துவிட்டார். விழும் இலை தனிமைக்கு உவமை என்று சொல்வது போதாது. தனிமை என்ற சொல்லை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் இலை விழுந்து முடிகிறது என்பதே அந்தக் கவிதை. இதை உரக்கப் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியங்களை எந்தக் குரலும் சொல்லாது. சொல்லிப் பகிர முடியாத ஒன்றாகத் தனிமையைக் காட்டும் கவிதைக்கு அது குறையாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் இதைச் செய்து பார்க்க முயன்றபோது நம் எழுத்தின் இயல்பு குறுக்கே வந்தது. நம் எழுத்து உயிர்மெய்யாக நிற்பது. ‘லை’ என்பதை உடைத்தால் ஒலிக்க முடியாத ஒரு குறிதான் கையில் மிஞ்சும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் உயிரின் குறியீடு மெய்யை இருபுறமும் தழுவிக்கொண்டிருப்பதால் அதைப் பிரிக்கவே முடியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் நமக்கு இல்லை. எனவே கம்மிங்ஸின் முறிவுகளை அப்படியே பெயர்த்தால் சிதைவு மட்டுமே வரும். ஆனால் நம்மிடமும் ஓர் ஒற்றுமை கிடக்கிறது: தமிழ் எண் ஒன்று, ௧, பார்ப்பதற்குக் ககர எழுத்தாகவே இருக்கிறது. தனித்து நிற்கும் ஒரு ‘க’, எழுத்தாகவும் ஒன்றாகவும் ஒரே நேரத்தில் படிக்கப்படக்கூடிய கவிதை தமிழில் எழுதப்பட முடியும். கம்மிங்ஸைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புகிறவர் இலையையும் அடைப்புக்குறியையும் விட்டுவிட்டு அந்தக் ககரத்திலிருந்து தொடங்க வேண்டும்.